முதுநகர் வீட்டில் உடையாத கண்ணாடி

நகராட்சிக் கட்டடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களை ஒரு பயிற்சிக் கூட்டத்தில் பார்த்தேன். எல்லார் முகத்திலும் நல்ல தெம்பு. விதிகள் கைப்பேசியில் இருக்கின்றன, அளவெடுக்க லேசர் இருக்கிறது, சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பயம் மட்டும் யாரிடமும் இல்லை. எனக்கு அது கவலையாக இருந்தது. நான் பணிக்காலம் முழுக்கப் பயந்தபடியே வேலை பார்த்தவள். சுவரில் பல்லி ஓடினாலே மேடத்துக்கு விரிசலாகத் தெரியும் என்று அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். நான் கையெழுத்துப் போட்ட கட்டடம் எதிலும் ஓர் உயிர் போகவில்லை. அதில் பாதி என் படிப்பு, மீதி என் பயம்.

பழைய கட்டடங்களைப் பார்க்கிற வேலையில் இரண்டு பயங்கள் உண்டு. ஆபத்து என்று எழுதாமல் விட்டு, கட்டடம் விழுந்து யாராவது செத்தால் என்ன செய்வது என்பது ஒன்று. ஆபத்து என்று எழுதி, விழாமல் நின்றிருக்கக்கூடிய கட்டடத்தை நாமே கொன்றுவிட்டால் என்ன செய்வது என்பது மற்றொன்று. பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் ஏறிவிட்ட வீட்டை அதன் உரிமையாளரே நினைத்தாலும் இடிக்க முடியாது. அதற்கென்று உள்ள குழு வந்து பார்க்க வேண்டும், அனுமதி தர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அதே விதியில் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று பொறுப்பான அதிகாரி எழுதிவிட்டால் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். நியாயமான விதிதான். ஆனால் அந்தச் சின்னக் கதவு வழியாக ஒரு ஜேசிபியே நுழைந்துவிடும்.

நுழைந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் வீடு சிதம்பரத்தில். வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பழைய சத்திரம் இருந்தது. கருங்கல் தூண்கள், மேலே மரவேலை. தினமும் அதைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போவேன். பொறுப்பில் இருந்த ஒரு பொறியாளர் 'அபாயகரமானது' என்று ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தார். காலையில் வேலைக்குப் போகும்போது சத்திரம் இருந்தது. மாலையில் திரும்பும்போது அங்கே வானம் தெரிந்தது. இடித்த கூலியாள் ஒருவர் தூணைத் தட்டிக் காட்டி, இதை இடிக்கத்தான் மெஷினே திணறிப்போனது என்று பெருமையாகச் சொன்னார். திணறும் அளவுக்கு அது பலமாக இருந்திருக்கிறது.  அன்றிலிருந்து அந்தச் சொல்லை எழுதப் பேனாவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கை ஒருமுறை நின்றுவிட்டுத்தான் நகரும்.

இனி முதுநகர் வீட்டுக்கு வருகிறேன்.

துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த மாடி வீடு அது. கப்பல் சரக்கு வைக்க ஏதோ ஒரு காலத்து வியாபாரி கட்டியது. தடித்த சுவர், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்திரம். பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கட்டடம். உரிமையாளர் சிங்கப்பூரில் இருந்தார். அவருடைய மச்சான் இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டவேண்டும் என்பது மச்சானின் கனவு. மாடி பூட்டிக் கிடந்தது. கீழ்த்தளத்தில் ஹாஜா என்பவர் வாடகைக்கு இருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். படங்களுக்குச் சட்டம் போட்டுத் தருவது அவர் தொழில். கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், காபா படம், முருகன் படம் என்று முதுநகரில் எந்தப் படம் சுவரில் ஏறினாலும் அநேகமாக அவர் கை பட்டுத்தான் ஏறும்.

பக்கத்து மனையில் யாரோ கட்டடம் கட்ட ஆழமாகத் தோண்டிவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகு ஹாஜா வீட்டின் பின்னறைச் சுவரில் ஒரு விரிசல் வந்தது. மச்சான் உடனே மனு கொடுத்தார். நான் போய்ப் பார்த்தேன். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து இரு முனைகளையும் சாந்து பூசி ஒட்டினேன். இன்று இதற்கு மின்கருவிகள் வந்துவிட்டன. எங்களுக்குக் கண்ணாடிதான். அதற்கு வளையத் தெரியாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் படக்கென்று உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் விரிசல் தூங்குகிறது என்று பொருள். உடைந்தால் அது விழித்துக்கொண்டது.

ஒவ்வொரு முறை போகும்போதும் கண்ணாடி முழுசாக இருந்தது. சாந்தின் மேல் ஆணியால் நான் கீறிய தேதியும் அப்படியே இருந்தது. அதனால் சுவர் நகரவில்லை, குழு நிதானமாக வந்து பார்க்கட்டும் என்று எழுதினேன். மச்சானுக்குக் கோபம். ஒரு கண்ணாடித் துண்டை நம்பி உள்ளே ஆளைக் குடிவைத்திருக்கிறீர்களே என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். கடைசியில் பார்த்தால், அந்த விஷயத்தில் அவர் கேட்டது சரி.

அந்த மழைக்காலத்தில் வங்கக் கடலில் ஒரு புயல் கிளம்பி எங்கள் கரைப்பக்கம் திரும்பியது. சிதம்பரத்திலிருந்து நான் வந்த பேருந்து புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் எதிரே வருவது தெரியாத அளவுக்கு மழை பிடித்துக்கொண்டது. மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் அவசரக் கூட்டம். ஆபத்தான கட்டடங்களின் பட்டியல் மதியத்துக்குள் வேண்டும், பட்டியலில் உள்ளதைக் காற்று வருவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று உத்தரவு. இயந்திரங்கள் தயாராக நின்றன. ஆணையர் எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். முதுநகர் வீட்டை மட்டும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் அலுவலக ஜீப்பில் போய் இறங்கும்போதே தெருமுனையில் ஒரு ஜேசிபி நின்றது. மச்சான் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். குடையோடு வந்து வணக்கம் சொன்னார். நான் பதில் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பின்னறையில், அந்தச் சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் ஹாஜாவின் மகள் ரிஸ்வானா உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். லால்பேட்டையில் கட்டிக்கொடுத்த பெண். கணவன் துபாயில். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பேறு பார்க்க ஹாஜா தன் அக்காவை வரவழைத்திருந்தார். நான் நேராகச் சுவரிடம் போனேன். கண்ணாடி முழுசாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். இந்த வீடு இடிக்கிற பட்டியலில் வேண்டாம் என்று சொல்ல ஆணையரின் எண்ணைத் தேடினேன்.

சாரல் அடிக்கிறதே என்று அந்தப் பெண் எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள். கதவு மூடவில்லை. தரையைக் கீறிக்கொண்டு பாதியில் நின்றது. மழைக்கு மரம் ஊதிப்போய்விட்டது என்று ஹாஜா அவசரமாகச் சொன்னார். ஊதும்தான். ஆனால் ஊதிய கதவை ஓரம் முழுக்க இழைப்பார்கள். இதில் மேல்மூலை மட்டும் சாய்வாக இழைக்கப்பட்டுப் புதுமரம் மஞ்சளாகத் தெரிந்தது. கதவு நிலை கோணிப்போனால்தான் அப்படி இழைக்க வேண்டிவரும். சுவர் நகராமல் நிலை எப்படிக் கோணும்?

 திரும்பவும் கண்ணாடியிடம் போனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நான் ஒட்டியது ஜன்னலில் இருந்து அறுத்த பழைய கண்ணாடி. தடியாக இருக்கும், ஓரத்தில் லேசாகப் பச்சை ஓடும். இது மெல்லியது, வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரம் வைரம் வைத்துக் கீறியது போலச் சுத்தம். படத்துக்குப் போடுகிற கண்ணாடி. சாந்தில் என் தேதியை என் கையெழுத்து மாதிரியே யாரோ கீறியிருந்தார்கள்.

இத்தனை நாளும் எனக்குத் தைரியம் சொன்னது சுவர் இல்லை, ஹாஜாதான். அதை நினைத்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சுவரின் அடியில் அந்தப் பெண் எத்தனை இரவு படுத்திருப்பாள் என்றுதான் முதலில் தோன்றியது.  கட்டிலில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"ஹாஜா, நான் ஒட்டுன கண்ணாடி எங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒடஞ்சி போச்சி மேடம். மாத்தி ஒட்டுனேன். அதுவும் ஒடஞ்சிச்சி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சுவர் சரியில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளைத்தாய்ச்சியை எங்கே கூட்டிக்கொண்டு போவது? தாயில்லாத பெண், தலைப்பிரசவத்துக்குக் கூடத் தகப்பன் வீட்டில் இடமில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டான் என்று லால்பேட்டையில் பேச்சு வந்துவிடக் கூடாது. அதுதான் அவருடைய பயம். என்னுடையதைவிடச் சின்னப் பயம் என்று நான் சொல்லமாட்டேன்.

"கொழந்த பொறந்து நாப்பது நாள் கழியட்டும் மேடம். நானே சாவியக் குடுத்துட்டுப் போறேன்."

அந்த நேரம் பார்த்து ஆணையர் கூப்பிட்டார். முதுநகர் வீட்டைப் பட்டியலில் சேர்க்கவா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். வாசலில் மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுங்கள் சார், நானே கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும். சேர்த்துவிடுங்கள் என்றால் அந்தி சாய்வதற்குள் வீடு மண்மேடு. புயல் மழையில் நிறைமாதப் பெண் தெருவில். பின்சுவர் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கல்லாக நிற்கிற வீடு அது. வேண்டாம் என்றால் எல்லாரும் அந்தச் சுவரோடு இரவைக் கழிப்பார்கள். பயம் வந்தால் மூளை இரண்டே வழிதான் இருக்கிறது என்று சொல்லும். அதை நம்பாதீர்கள். ஆளை வெளியேற்றுவது ஓர் உத்தரவு. கட்டடத்தை இடிப்பது வேறோர் உத்தரவு. விதிப்புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

ஆனால் ஹாஜாவுக்கு ஊர் நடப்பு தெரியும். காலி செய்த பழைய வீடு காலையில் இருக்காது என்பதை அவர் பார்த்திருக்கிறார். இரவோடு இரவாகப் புயலே தள்ளிவிட்டது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வெளியே போங்கள், வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

அதனால் சொன்னேன். ஆட்கள் எல்லாரும் வெளியே வாருங்கள், சாமான் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள் என்று. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார் போல, அக்காவைத் திரும்பிப் பார்த்தார். விளக்கினேன். வெறும் வீட்டுக்காகப் பேச ஆளில்லை. குடியிருப்பவரின் சாமானை உள்ளே வைத்து, இன்னின்னது உள்ளே இருக்கிறது என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி அரசாங்க முத்திரை வைத்துவிட்டால் அதை உடைப்பது குற்றம். எந்த மச்சானும் கிட்ட வரமாட்டான். காற்று அடித்துச் சுவர் விழுந்தால் சாமான் போகும். அதற்கு மேல் ஒன்றும் போகாது.

படமெல்லாம் ஊருடையது, தன்னுடையது இல்லை என்றார் அவர். எத்தனையோ பேர் வீட்டுக் கல்யாணப் படங்கள் கடையில் சட்டத்துக்காகக் காத்திருந்தன. 

"தலைக்கு வர்றது தலைப்பாகையோட போவட்டும் ஹாஜா," என்றேன்.

 அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே தகரம் ஒன்று காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதுவரை வாய் திறக்காத ரிஸ்வானா பேசினாள்.

"அத்தா, நான் லால்பேட்டைக்கே போறேன்."

"அவுங்க என்னாம்மா நெனப்பாங்க?"

"என்னா வேணா நெனக்கட்டும். இந்தக் கதவு தானா கத்துது அத்தா. நீங்க தூங்குறப்பவும் கத்துது. எனக்கு பயம் ஜாஸ்தியாயிடுச்சி. சொன்னா ஒங்களுக்கு மனசு ஒடஞ்சிடும்னு சொல்லல."

 அப்பன் மகளுக்குத் தெரியாமல் பயந்திருக்கிறான். மகள் அப்பனுக்குத் தெரியாமல் பயந்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பயமில்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். ஹாஜா எழுந்து மகளின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

ஆணையரைக் கூப்பிட்டேன். ஆட்களை வெளியேற்றி முத்திரை வைக்கிறேன், இடிக்கிற பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றேன். விழுந்தால் என்றார். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள் என்றேன். அக்கம்பக்கத்தில் விழுந்தால் என்றார். நல்ல கேள்வி. உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அதைக் கேட்க மறக்காதீர்கள். பின்பக்கம் தோண்டிப் போட்ட காலி மனைதான், பக்கவாட்டுச் சந்தின் இரண்டு முனைகளையும் அடைத்துவிடுகிறேன் என்றேன்.  எழுத்தில் கொடுங்கள் என்றார்.

எழுத்தில் கொடுங்கள் என்றால் என்ன பொருள் என்று நீங்கள் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள். ஏதாவது நடந்தால் அந்தத் தாளில் ஒரு பெயர்தான் இருக்கும். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, மழை படாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எழுதினேன். ஹாஜாவின் அக்காவும் ரிஸ்வானாவும் அதே ஜீப்பில் லால்பேட்டைக்குப் போனார்கள். ஹாஜா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மற்ற குடும்பங்களோடு தங்கினார். பூட்டின் மேல் அரக்கு வைக்கும்போது மச்சான் என் பக்கத்தில் நின்றார். பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள் மேடம் என்றார். எனக்குத் தெரியாதா என்ன?

அன்று இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மைதானத்து மரம் முறியும் சத்தம் கேட்டால்கூட அந்தச் சுவர்தான் என்று நெஞ்சு திக்கென்றது. யாராவது சந்துக்குள் ஒதுங்கியிருப்பார்களோ, ஹாஜா சாமான் எடுக்கத் திரும்பிப் போயிருப்பாரோ என்று நினைத்து நினைத்து விடிய வைத்தேன். அத்தனை வருடப் பணியில் அப்படிப் பயந்தது கிடையாது.

காற்று அடங்கியதும் முதுநகருக்குப் போனேன். வீட்டின் முன்பக்கம் நின்றது. அரக்கும் பூட்டும் வைத்தபடி இருந்தன. சுற்றிக்கொண்டு காலி மனைப் பக்கம் போய்ப் பார்த்தேன். பின்சுவர் இல்லை. உள்பக்கமாக விழுந்திருந்தது. மச்சான் எனக்கு முன்பே அங்கே இருந்தார். ஜேசிபியும் இருந்தது.

"இப்பவாச்சும் ஆபத்துன்னு எழுதுங்க மேடம்."

"இப்ப ஆபத்து இல்ல சார். விழ வேண்டியது விழுந்துடுச்சி, உள்ள யாரும் இல்ல. மீதிய இடிக்கணும்னா குழுகிட்ட கேளுங்க."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார்.  சற்று நேரத்தில் சாலையில் விழுந்த மரங்களை அகற்ற அந்த இயந்திரத்தை நாங்களே எடுத்துக்கொண்டோம். குழு பிறகு வந்து, பின்சுவரைச் சுண்ணாம்புச் சாந்திலேயே திரும்பக் கட்டச் சொன்னது. அது நடந்து முடிய மச்சானோடு நான் பட்ட பாடு தனிக்கதை. ஹாஜாவின் கடை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல நினைத்தது அன்று காலையில் நடந்த வேறொன்றை.

ஹாஜாவை வரவழைத்து, சாட்சிகள் முன்னால் முத்திரையை உடைத்துத் திறந்தோம். கடையில் தண்ணீர் நின்றது. படங்கள் முக்கால்வாசி தப்பியிருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. நேரே பின்னறை வாசலுக்குப் போனார். கட்டில் இருந்த இடத்தில் இடுப்பளவுக்குச் செங்கல் குவிந்திருந்தது. கட்டிலின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தபடி நின்றார்.

அவர் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. மகள். அறை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். நல்லாத்தான் இருக்கும்மா, கொஞ்சம் தண்ணி ஒழுவுது, அவ்வளவுதான் என்றார். குரல் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மேடம் பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள் என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது.

"மேடம், அத்தா சொல்றது நெசமா?"

ஹாஜா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லாதீர்கள் என்று. நிறைமாதப் பெண்ணிடம் இதைச் சொல்லலாமா? எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சுவரின் அடியில் கண் விழித்துக் கிடந்தவள் அவள். அந்த வீட்டில் இன்னொரு கண்ணாடியை ஒட்டிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

"இல்லம்மா. சொவுரு ஒன் கட்டில் மேலதான் விழுந்திருக்குது."

 அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"சரி மேடம்," என்றாள் பிறகு. "அத்தா நின்னுக்கினு இருக்காரா? அவர மொதல்ல உக்கார வைங்க."

கடைக்குள் போய் நாற்காலி ஒன்றை எடுத்துவந்து, ஈரத்தைத் துடைத்து, அவரை உட்கார வைத்தேன்.